ஐயா ஊரில் இல்லை

அமீனா வந்து கதவைத் தட்டினால் திறக்காதீர்கள், தப்பித்தவறித் திறந்துவிட்டாலும் 'உள்ளே வாங்க' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று தையல்காரி தன் அப்பாவிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். பல் விளக்கும்போது சொன்னாள், சோறு போடும்போது சொன்னாள், அவர் படுத்துப் போர்வையை இழுத்துக்கொண்ட பிறகும் போய் நின்று சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவர், "சரிம்மா, எனக்குத் தெரியாதா?" என்றார். எனக்குத் தெரியாதா என்று கேட்கிற ஆட்களை நம்பி எந்தக் காரியத்திலும் இறங்கக்கூடாது.

அமீனா என்றால் கோர்ட்டிலிருந்து ஜப்தி செய்ய வருகிறவர். அவரைப் பற்றி அவளுக்குச் சொன்னவர் ஒரு வக்கீல் குமாஸ்தா. பேன்ட் இடுப்பைப் பிரித்துத் தைக்கக் கொடுக்க வந்தவரிடம், யாருக்கோ கேட்பது போல அவள் கேட்டாள். அவரும் யாருக்கோ சொல்வது போலச் சொன்னார்.

"கதவை உடைக்க அவருக்கு உத்தரவு கிடையாதும்மா. வீட்டுல இருக்கறவங்க யாராவது வாங்கன்னு கூப்பிட்டாத்தான் காலை உள்ள வைக்கலாம். வச்சுட்டாரோ, தொலைஞ்சுது. கண்ணுல படறதையெல்லாம் எழுதிடுவாரு. அது கடன்காரரோடது இல்ல, என்னோடதுன்னு அப்புறம் நீங்கதான் கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் அலையணும்."

கடன் அவளுடையது இல்லை. அவள் வீட்டுக்காரனுடையதும் இல்லை. எல்லாம் அப்பாவின் திருவிளையாடல். அவர் நாற்காலி வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தவர். ஊரில் நாலு பேர் கூடுகிற இடத்தில் எல்லாம் அவருடைய நாற்காலிதான் கிடக்கும். நல்ல காரியமோ கெட்ட காரியமோ, வந்தவர்கள் நிற்கக்கூடாது, அவ்வளவுதான் அவருடைய கொள்கை. வாடகை வந்ததா என்று பார்க்க மாட்டார், எல்லோரும் உட்கார்ந்தார்களா என்று பார்ப்பார். நாற்காலி போட்டவரே விழாத் தலைவர் மாதிரி நடுவில் நின்று வரவேற்பார். தெருவில் அவருக்குத் துரை என்று பட்டப்பெயர். அதைக் கேலி என்று புரிந்துகொள்ளாத ஒரே ஆள் அவர்தான்.

பிறகு மண்டபங்களே சொந்தமாக நாற்காலி வாங்கிப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தன. புத்தியுள்ளவன் அந்த இடத்தில் கடையை மூடியிருப்பான். அப்பா கடன் வாங்கி, மெத்தை தைத்த உயர்ந்த ரக நாற்காலிகளை இறக்கினார். அவற்றில் உட்கார ஆள் வரவில்லை. நாற்காலி போயிற்று, கடை போயிற்று, வீடும் போயிற்று. மிச்சக் கடனையும் ஒரு பெட்டியையும் எடுத்துக்கொண்டு மகள் வீட்டு மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தார்.

அவள் வீட்டுக்காரன் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் சரிபண்ணுகிறவன் வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது, மூன்று மாடி நடக்க வேண்டும் என்பது அந்தக் கட்டடத்தில் எல்லோரும் சொல்லிச் சலித்த ஜோக். அதிகம் பேசாதவன். மாமனார் வந்த அன்றைக்கு அவன் ஒரே ஒரு பேச்சுப் பேசினான்.

"மாமா இங்க இருக்கட்டும். கடைசி வரைக்கும் இருக்கட்டும். ஆனா அவர் கடன் இந்தப் படி ஏறக்கூடாது. ஏறிடுச்சுன்னா அவரும் இங்க இருக்க முடியாது. இப்பவே சொல்லிட்டேன்."

அவன் சும்மா சொல்லவில்லை. சின்ன வயதில் அவன் வீட்டுச் சாமான்களைத் தெருவில் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். அம்மாவின் உள்பாவாடை வரைக்கும் வெளியே கிடந்ததாம், தெருவே பார்த்ததாம். அதைக் கல்யாணமான புதிதில் ஒருதடவை சொன்னான், அப்புறம் வாயே திறக்கவில்லை. ஆகவே அவள் அமீனா சமாசாரத்தை அவனிடமிருந்து மறைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் அப்பாவை எங்கே அனுப்புவாள்? அவருக்குப் போக இன்னொரு கதவு கிடையாது.

அன்றைக்குப் பகலில் அவள் உள்ளறையில் ஓவர்லாக் மெஷினில் இருந்தாள். ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக்கு நர்ஸ்களின் கோட்டு, அறை முழுக்க வெள்ளைத் துணி மலையாகக் கிடந்தது. அந்த மெஷின் ஓடும்போது இடி விழுந்தாலும் கேட்காது. நூல் அறுந்ததால் நிறுத்தினாள். நிறுத்திய நொடியில் கூடத்திலிருந்து அப்பாவின் குரல் கணீரென்று வந்தது.

"அட, ஏங்க வாசல்லயே நிக்கறீங்க? வாங்க, வாங்க, உள்ள வாங்க! மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க. முதல்ல உக்காருங்க, அப்புறம் பேசிக்கலாம்."

பாவி மனுஷா, பாவி மனுஷா என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு அவள் அறை வாசலுக்கு வந்தாள். வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொள்கிற ஆளை அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். கட்டிக்கொண்டு அதற்கு உபசாரமும் செய்கிற ஆளை இப்போதுதான் பார்த்தாள்.

சோபாவில் தொப்பையும் கைப்பையுமாக ஒரு ஆள் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் அமீனா. அவருக்குப் பக்கத்தில், கூட்டி வந்த சுமை தூக்குகிறவர் கதவு அகலத்துக்கு நின்றார். அமீனா பையிலிருந்து காகிதத்தை எடுத்து அப்பாவின் பேரைப் படித்தார்.

"இவர் இருக்காரா?"

அப்பா அந்தப் பேரை எங்கேயோ கேட்ட மாதிரி ஒரு பார்வை பார்த்தார். யாரை உள்ளே கூப்பிட்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். அழுக்குப் பனியனும் நாலு நாள் தாடியுமாக நின்றவர் ஒரு நொடி முழித்தார். அப்புறம் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

"ஐயா ஊர்ல இல்லைங்களே."

"நீங்க யாரு?"

"நான் இங்க வேலை பாக்கறவன்ங்க."

அதைச் சொல்லிவிட்டுத் திரும்பியவர் மகள் நிற்பதைப் பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டார்.

"அம்மா, ஐயாவைத் தேடி வந்திருக்காங்கம்மா."

அந்த இடத்தில் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவர் வேலைக்காரர் இல்லை, என் அப்பா என்று. நாக்கு என்ன, அறுந்தா போயிற்று? சொல்லவில்லை. சுமைக்காரரின் கண் அவள் முதுகுக்குப் பின்னால் ஓவர்லாக் மெஷினை எடை போட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்காரன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இதெல்லாம் காரணம்தான். ஆனால் முதலில் அவளுக்கு வந்தது அப்பாடா என்ற நிம்மதி. பெற்ற அப்பா வேலைக்காரன் என்று சொல்லிக்கொண்டு நிற்கிறார், மகளுக்கு நிம்மதி வருகிறது. அதை நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது.

"ஆமா சார்" என்றாள். "அவர் இங்க இல்ல."

அந்த மட்டில் அப்பா ஒழுங்காக இருந்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். துரையாயிற்றே, எப்படி இருப்பார்? பொய்யைச் சொல்லி முடித்த திருப்தியில், பழக்கதோஷம், அமீனாவுக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"சாருக்கு எத்தனை பசங்க?" என்று ஆரம்பித்தார். "மூட்டு வலியா? தைலம் எல்லாம் சும்மா. வெந்நீர் ஒத்தடம் குடுங்க."

அமீனா புருவத்தைத் தூக்கினார். எசமானி நிற்கிறாள், வேலைக்காரர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அப்படி ஒரு வீட்டை அவர் இதுவரை ஜப்தி செய்ததில்லை போலிருக்கிறது.

"என்ன உக்காந்துட்டே?" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "எழுந்திரு. போய் டீ போடு."

பிறந்தது முதல் அப்பாவை அவள் நீ என்று சொன்னதில்லை. கோபத்தில் பேசாமல் இருந்திருக்கிறாள், கதவை அறைந்து சாத்தியிருக்கிறாள், ஆனால் நீங்க என்பது மட்டும் மாறியதில்லை. அப்பா காலை இறக்கினார். எழுந்தார். "சரிங்கம்மா" என்று சமையலறைக்குள் போனார். டீ போடுவது இருக்கட்டும், அந்த அறையில் அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்றாவது அவருக்குத் தெரியுமா என்பதே அவளுக்குச் சந்தேகம்.

சந்தேகம் வீண்போகவில்லை. பாத்திரங்கள் விழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தலை மட்டும் வெளியே வந்தது.

"சர்க்கரை எங்கம்மா இருக்கு?"

"புதுசா சேர்ந்திருக்கியே, நான்தான் காமிக்கணும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவள் சமையலறைக்கு நடந்தாள்.

சுமைக்காரர் முதல்தடவையாக வாயைத் திறந்து, "எனக்கு ரெண்டு ஸ்பூன்" என்றார்.

சமையலறையில் பால் பொங்கி வழிந்து, அடிப்பிடித்து, அடுப்பெல்லாம் ஒரே கோரம். அப்பா குற்றவாளி மாதிரி கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கண்ணைச் சிமிட்டினார். எப்படி என் நடிப்பு என்பது போல. அதைப் பார்த்ததும் அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அப்படி ஒரு ஆத்திரம்.

"ஒரு டீ போடக்கூடத் துப்பில்ல. உக்காந்து தின்னத் தெரியும், ஊரைக் கூப்பிடத் தெரியும். சொன்னேனா இல்லையா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

கூடத்துக்குக் கேட்கும்படிதான் கத்தினாள். வேலைக்காரரைத் திட்டுகிற எசமானி என்று அவர்கள் நினைக்கட்டும் என்று ஆரம்பித்தது, பாதியிலேயே நிஜமாகிவிட்டது. அப்பாவுக்கும் அது புரிந்தது. கண்சிமிட்டல் நின்றுவிட்டது.

டம்ளர்களை அவரே தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அமீனா ஒரு வாய் குடித்தார், முகத்தைச் சுளிக்காமல் இருக்கப் பாடுபட்டார். பிறகு மகள் பக்கம் திரும்பி, வந்த வேலையைப் பேசினார்.

"ஊர்ல இல்லைன்னா எப்ப வருவாரு? முகவரி இதுதான். என் முழங்காலுக்கு இந்த மூணு மாடியைத் திரும்பத் திரும்ப ஏற முடியாதும்மா. அவர் வர்ற வரைக்கும் நான் அந்த மெஷினையும் ஃபிரிட்ஜையும் எழுதி வச்சுட்டுப் போயிடறேன். வந்து பணத்தைக் கட்டினா கழட்டி விட்டுடலாம்."

சுமைக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளறைப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார். மெஷின் போனால் பிழைப்புப் போயிற்று. எழுதிவிட்டுப் போனாலும் வீட்டுக்காரன் பார்ப்பான். அவளுக்கு யோசிக்க நேரமில்லை.

"அவர் செத்துட்டாரு" என்றாள்.

சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். அப்பா காலித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றார். தட்டு கை நழுவவில்லை, ஒன்றும் ஆகவில்லை. அவளைப் பார்த்தபடி அப்படியே நின்றார்.

அமீனா காகிதத்தை மடியில் வைத்தார். "என்னம்மா இது? பெரியவரு ஊர்ல இல்லைங்கறாரு, நீங்க செத்துட்டாருங்கறீங்க. ஏன் பெரியவரே, எது நிஜம்?"

"அம்மா சொல்றதுதான் நிஜம்ங்க" என்றார் அப்பா. "அம்மா எதிர்ல அந்தப் பேச்சை எடுக்க வேணாமேன்னு பாத்தேன். ஐயா போயிட்டாரு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற வாயா அது?

"ஐயா மாதிரி ஒரு மனுஷன் இனிமே பொறந்துதான் வரணும்ங்க. வாடகை குடுத்தியா குடுக்கலையான்னு ஒருத்தனைக் கேட்டதில்ல. வந்தவனை நிக்க வச்சதில்ல. அவர் கடை நாற்காலியில உக்காராத ஆளே ஊர்ல கிடையாது. கடைசியில அவருக்கு ஒரு நாற்காலி மிஞ்சல, பாருங்க. ஏமாந்த மனுஷனே தவிர, ஏமாத்தின மனுஷன் இல்லைங்க."

தன் சாவுக்குத் தானே இரங்கல் உரை வாசிக்கிற கொடுப்பினை யாருக்குக் கிடைக்கும்? அமீனாவே தலையை ஆட்டினார். தையல்காரிக்கு மட்டும் காது எரிந்தது. அவர் மகளாக வாழ்ந்தவள் அவள். அந்தப் பெரியமனிதத்தனத்துக்கு விலை கொடுத்தவளும் அவள்தான்.

"என்ன பெரிய மனுஷன்?" என்று வெடித்தாள். "உனக்கு என்ன தெரியும் அவரைப் பத்தி? நான் சம்பாதிச்சு வாங்கின முதல் மெஷினை, நான் இல்லாத நேரம் பாத்துத் தூக்கிட்டுப் போய் வித்தவரு. கேட்டா, ஒரே வாரத்துல புதுசு வாங்கித் தரேன்னாரு. எங்கம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, பாக்க வந்தவங்களுக்கெல்லாம் ஹோட்டல்லேருந்து சாப்பாடு வரவழைச்சாரு. மருந்துக் கடையில போய் நின்னு கெஞ்சினது நான். எங்கம்மா கடைசியா என்ன சொன்னாங்க தெரியுமா? உங்கப்பனை நம்பிடாதடின்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாங்க. ஊருக்கெல்லாம் நல்லவரு. வீட்டுக்கு அவர் என்னிக்கோ செத்துட்டாரு."

அம்மா சொன்ன அந்த வார்த்தையை அவள் யாரிடமும் சொன்னதில்லை, வீட்டுக்காரனிடம்கூட. அப்பாவுக்கு அது தெரியாமலே போகட்டும் என்று இத்தனை வருஷம் வைத்திருந்தாள். அதைக் கடன் வசூலிக்க வந்த ஆட்களுக்கு முன்னால் போட்டு உடைத்தாள்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க" என்றார் அமீனாவிடம். "அம்மா சொல்றது வாஸ்தவம்தான்."

அமீனாவுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. காகிதங்களைப் பையில் போட்டார். "இருந்தாலும் செத்தவங்களை அப்படிப் பேசக்கூடாதும்மா" என்றார். "சரி, இறந்துட்டாருன்னா இறப்புச் சான்றிதழ் வேணும். திங்கக்கிழமை ஆபீசுக்குக் கொண்டுவந்து குடுத்துட்டீங்கன்னா கேஸை முடிச்சுடறேன். வரலேன்னா நான் வரணும். ஆளோட, வண்டியோட வரணும்."

எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனவர் அங்கே நின்றார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பாவிடம் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்திய குரலே ஊருக்குக் கேட்கும் ஜாதி அவருடையது.

"பெரியவரே, சம்பளம் ஒழுங்கா குடுக்கறாங்களா?"

"சாப்பாடு போடறாங்க, படுக்க இடம் குடுத்திருக்காங்க. இந்த வயசுல வேற யாருங்க குடுப்பாங்க?"

அமீனா சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மடித்து அவர் கையில் வைத்தார். "வச்சுக்குங்க. டீ நல்லா இருந்துச்சு." அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஊருக்கே வாரி இறைத்த கை அது. தையல்காரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

கதவைச் சாத்தியதும் அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். பாத்தியா, எப்படிச் சமாளிச்சேன் என்று மார்தட்டுவார், நான் அவரோடு சண்டை போடுவேன், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தாள். அவர் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். அடிப்பிடித்த பால் பாத்திரத்தை எடுத்து, நாரைத் தேடிப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

"அப்பா, விடுங்க. நான் பாத்துக்கறேன்."

"இருக்கட்டும்மா. நீங்க போய் உங்க தையலைப் பாருங்க."

"என்னப்பா இது? அவங்கதான் போயாச்சே."

அவர் திரும்பவில்லை. "திங்கக்கிழமைக்குச் சான்றிதழ் கேட்டிருக்காரு" என்றார். "அதுக்கென்ன, இன்னும் நாள் இருக்கு. வாங்கிடலாம்."

சொன்ன விதத்தில் ஒரு ஆத்திரமும் இல்லை, அழுகையும் இல்லை. நாற்காலிக்கு ஆர்டர் எடுக்கும்போது, அதுக்கென்ன, அனுப்பிடலாம் என்பாரே, அதே குரல். ஒரு நொடி அவளுக்கு விளங்கவே இல்லை. பிறகு விளங்கியது. அவர் யாருக்கும் வாடகை கேட்காதவர், யாரையும் நிற்க வைக்காதவர், கேட்டதை இல்லை என்று சொல்லத் தெரியாதவர். செத்துக் கொடு என்று கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டார்.

அவள் செருப்புக்கூடப் போடாமல் படியில் ஓடினாள். தோளில் குத்திய ஊசியிலிருந்து நூல் தொங்கிக்கொண்டு வந்தது. இரண்டாவது மாடியில் கதவு திறந்தது, யாரோ என்னாச்சு என்று கேட்டார்கள். அவள் நிற்கவில்லை.

கீழே அமீனா வண்டிக் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்திருந்தார். தெருவில் காய் வண்டிக்காரர், எதிர்க்கடைக்காரர், ஜன்னல்களில் தலைகள். அத்தனை பேருக்கும் அன்றைக்கு வேறு வேலையே இல்லை. கையில் கருவிப் பையோடு, சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்த அவள் வீட்டுக்காரனும் அங்கேதான் நின்றான். வண்டியில் எழுதியிருந்த கோர்ட்டு முத்திரையைப் படித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டு திரும்பி நடக்க அவளுக்கு அப்போதும் நேரம் இருந்தது.

"சார்!" என்று கத்தினாள். "சார், அவர் வேலைக்காரர் இல்ல. எங்கப்பா. நீங்க தேடி வந்த ஆள் அவர்தான். அவர் சாகல சார். நான்தான் பொய் சொன்னேன். உயிரோடதான் இருக்காரு, மேல பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருக்காரு."

மானம் கப்பலேறும் என்பார்கள். அவள் மானம் நடுத்தெருவில் ஏறி நின்றது. காய் வண்டிக்காரர் தராசைப் பிடித்தபடியே நின்றார்.

அமீனா அவளைப் பார்த்தார், அண்ணாந்து மூன்றாவது மாடியைப் பார்த்தார், தன் முழங்காலைப் பார்த்தார்.

"இதை மேலேயே சொல்லித் தொலைச்சிருக்கக்கூடாதாம்மா?" என்றார் அழாக்குறையாக. "கோர்ட்டு ஆளுகிட்ட பொய் சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு? பெத்தவனைப் போய்..." காலை வெளியே எடுத்து, சுமைக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறத் தொடங்கினார். ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல்.

பின்னால் அவளும் வீட்டுக்காரனும் ஏறினார்கள். முதல் மாடியில் அவன் கேட்டான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அவரை அனுப்பிடுவீங்க."

"அனுப்பியிருப்பேன்" என்றான் அவன். அவன் பொய் பேசுகிறவன் இல்லை. இன்னும் கொஞ்சம் ஏறியபின், "வேலைக்காரன்னா சொல்லிக்கிட்டாரு?" என்று கேட்டான்.

"ம்."

"நீயும் ஆமான்னியா?"

அவள் தலையை ஆட்டினாள். அவன் படியிலேயே நின்றுவிட்டான். திட்டியிருந்தால் தேவலை. அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, கருவிப் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு அவளுக்கு முன்னால் ஏறினான்.

மேலே அமீனா சோபாவில் விழுந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு அப்பா நாரும் கையுமாக வெளியே வந்தார். அமீனாவைக் கண்டதும் தோள் தானாகக் குறுகியது.

"என்னங்க, எதையாவது மறந்து வச்சுட்டுப் போயிட்டீங்களா?"

வாசலில் மருமகன் நிற்பதைப் பார்த்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல், "வாங்க ஐயா" என்றார். அவனை அவர் மாப்பிள்ளை என்று தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. தையல்காரி கண்ணை மூடிக்கொண்டாள்.

அமீனா காகிதத்தைப் பிரித்துப் பேனாவைத் திறந்தார். "பெரியவரே, உங்க பேரைச் சொல்லுங்க."

அப்பா மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். என்ன சொல்லட்டும் அம்மா என்று கேட்கிற பார்வை அது. எசமானி சொன்னால் சொல்வதற்கும், வேண்டாம் என்றால் விட்டுவிடுவதற்கும் தயாராக நின்றார். பாத்திரத்து அழுக்குத் தண்ணீர் அவர் விரலிலிருந்து தரையில் சொட்டியது.

"சொல்லுங்கப்பா" என்றாள்.

அவர் மருமகன் பக்கம் திரும்பினார். அவன் கருவிப் பையைக் கீழே வைத்தான்.

"சொல்லுங்க மாமா. அவர் எழுதிக்கட்டும். மெஷின் யாருதுன்னு நான் கோர்ட்டுல பேசிக்கறேன்."

அப்பா ஈரக்கையைப் பனியனில் துடைத்துக்கொண்டார். தன் அப்பா பேரை முதலில் சொன்னார், அப்புறம் தன் பேரைச் சொன்னார். அமீனாவின் காதில் விழவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்க என்றார். அப்பா இன்னொரு தடவை சொன்னார். அவர் தன் பேரை அவ்வளவு சின்னக் குரலில் சொல்லி அவள் ஒருநாளும் கேட்டதில்லை.